நடுத்தர இழுவிசை

புந்தா அரேனாஸில் காற்றுதான்
ஆளைக் கடைக்குள் தள்ளிவிடும்.
அன்று தள்ளியது எலிசேயோ பர்ரியாவை,
கம்பளியில் சுற்றிய அவர் கிதாரோடு.

பிரித்ததும் தெரிந்துவிட்டது.
நரம்பு கட்டும் பாலம் பெயர்ந்து
கம்பிகளில் தொங்கியது,
பிடுங்கிய பல் நூலில் தொங்குவதுபோல.
அடியில் வெளுத்த பலகை,
நாற்பது வருடம் வெயில் படாத தோல்.

"எஃகு போட்டீர்களா?"

தொப்பியைக் கழற்றினார். அதுதான் பதில்.

இது நைலானுக்குப் பிறந்த உடம்பு, எலிசேயோ.
உள்ளே விசிறிபோல் ஒட்டிய குச்சிகள்
நாற்பது கிலோ இழுப்பைத் தாங்கும்.
நீங்கள் எழுபதை ஏற்றி
ஒரு வாரம் வாசித்தும் இருக்கிறீர்கள்.

"போன ஜூலையில் கப்பல் வராதபோது
முதல் நரம்புக்கு மீன்தூண்டில் இழைதான் கட்டினேன்.
அது நன்றாகவே பாடியது" என்றார்.

பாடியிருக்கும். அதுவும் நைலான்தானே.

என் சுவரில் தொங்கும் உறைகளைப் பார்த்து
ஊரில் யார் யார் என்று சொல்லிவிடலாம்.
பன்னிரண்டு கம்பிப் பெட்டி அபிகாயிலுக்கு,
தேவாலயத்தில் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் முன்னால்
அந்த மெல்லிய மூன்றாவது அறுந்தே தீரும்.
தட்டைச் சுற்று ஹோட்டல் மதுக்கூடத்துக்கு,
விரல் நகரும் கீச்சொலி
குடிக்கிறவர்களுக்கு ஆகாதாம்.
பேஸ் கம்பி இருக்கிறது, இஸ்மாயில் வாங்கமாட்டான்;
பழையதை அம்மாவின் பாஸ்தா பாத்திரத்தில்
கொதிக்கவைத்து மறுபடி பூட்டுவான்.
இரண்டு வாரம் பளிச்சென்று ஒலிக்கும்,
பாஸ்தா ஒரு மாதம் துருவாக இருக்கும்.

"எதற்கு எஃகு?"

"எடெல்மிராவுக்குக் காது மந்தமாகிறது.
அடுப்படிக்குக் கேட்கவேண்டாமா?
இருப்பதிலேயே இறுக்கமான நைலானாகப் போடுங்கள்."

பசை காய்ச்சினேன். பாலத்தை உட்காரவைத்து
மூன்று கவ்விகளால் அழுத்தினேன்.
இரண்டு நாள் தொடக்கூடாது என்று
அதன்மேலேயே சீட்டு எழுதி ஒட்டினேன்.

மறுநாள் எடெல்மிரா வந்தாள்,
ஒரு ஜாடி கலாஃபாத்தே ஜாமோடு.
நான் வாய்க்குள் முனகிய விலையை
வாசலில் இருந்தே பேரம் பேசினாள்.

பார்த்தேன். சிரித்துவிட்டாள்.

"காதுக்கு ஒன்றுமில்லை, நெலிடா.
முப்பத்தோரு வருடமாக அதே வால்ஸ்.
அதே இடத்தில் அதே தப்பு.
கேட்கவில்லை என்று ஒருநாள் சொல்லிவைத்தேன்,
மனுஷன் இந்த அளவுக்குப் போவார் என்று யார் கண்டது?
இருப்பதிலேயே தளர்ந்த நரம்பாகப் போடு.
அவருக்குச் சொல்லாதே."

அன்றிரவு மேசையில் இரண்டு உறைகள்.
ஒன்று அவர் கேட்டது, ஒன்று அவள் கேட்டது.
இரண்டையும் சுவரில் திரும்ப மாட்டிவிட்டு
நடுவில் இருந்ததை எடுத்தேன்.

தடித்ததில் இருந்து தொடங்கினேன்.
பாலத்து ஓட்டையில் நுழைத்து,
தன்னையே சுற்றி, வாலைப் பின்விளிம்புக்குக் கீழே
கடிக்கவிட வேண்டும்.
முதல் நரம்பு வழுக்கிவிடும்,
அதற்கு மட்டும் இன்னும் இரண்டு சுற்று.

வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.
"கேட்டதுதானே?" என்றார் அவர்.
"கேட்டதுதான்" என்றேன்.
அவள் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள்.

"புது நைலான் மூன்று நாள் பொய் சொல்லும்.
சுருதி கூட்டிவைத்தால் இறங்கிக்கொண்டே போகும்.
பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு நிற்கும்."

எலிசேயோ அங்கேயே அந்த வால்ஸைத் தொடங்கினார்.
அந்த இடம் வந்தது. தப்பும் வந்தது.
"ஆ?" என்றாள் எடெல்மிரா, காதில் கைவைத்து,
ஒரு நொடி தாமதமாக.

கழற்றிய எஃகில் அறுபடாதவை ஐந்து.
இரண்டாவதை மரப்பிடியில் கட்டி
பாலாடைக்கட்டி வெட்ட வைத்துக்கொண்டேன்.
அருமையாக வெட்டுகிறது.